பலகையில் மிஞ்சிய ‘றோ.க.’

தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். வவுனியாவிலிருந்து மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்திருக்கிறார்கள். சைவக் குடும்பம். மகளுக்கு அடுத்த வருஷம் முதலாம் தரம். வீட்டுக்கு ஆகக் கிட்ட இருக்கிற பாடசாலையின் பலகையில் ‘றோ.க.த.க. பாடசாலை’ என்று எழுதியிருக்கிறது, மதிலுக்கு அந்தப் பக்கம் மாதா கோயில். இது அரசாங்கப் பள்ளியா, கோயில் பள்ளியா? இதன் வரலாறு என்ன, எந்தக் கொள்கையில் நடக்கிறது? பிள்ளையை மந்திரம் சொல்ல வைப்பார்களா, மாத்திப்போடுவார்களா?

நானும் சைவக்காரன்தான். அப்படியான ஒரு பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு அதே மாதிரி இன்னொன்றில் பதினேழு வருஷம் படிப்பித்து ஓய்வு பெற்றேன். எனவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரான பதில். அது அரசாங்கப் பாடசாலை. ஆசிரியர் சம்பளம் கல்வித் திணைக்களத்திலிருந்து வருகிறது. பாடப் புத்தகம் அரசாங்கம் தருவது. ‘றோ.க.’ என்றால் றோமன் கத்தோலிக்க, ‘த.க.’ என்றால் தமிழ்க் கலவன். கலவன் என்பது ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் சேர்ந்து படிப்பதைத்தான் குறிக்கும், சமயக் கலப்பை அல்ல. 1960 டிசம்பர் மாதத்துக்கு முந்திய உடைமைக்காரரின் பெயர் பலகையில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். காணி மூன்று கை மாறின பிறகும் ‘சின்னத்தம்பியற்றை வளவு’ என்றுதானே சொல்கிறோம்.

ஆனால் இதோடு விட்டால் அது பாதிப் பதில். பலகையில் மட்டுமல்ல, பாடசாலைக்குள்ளும் அந்தப் பழைய உடைமைக்காரர் கொஞ்சம் குடியிருக்கிறார். அவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் கோயிலைக் காட்ட மாட்டேன், இடாப்பைக் காட்டுவேன்.

அதிபர் அறை அலுமாரியின் அடித்தட்டில் மாணவர் சேர்வு இடாப்புகள் இருக்கும். பழையவற்றுக்கு முதுகுத் தோல் உரிந்து, ஓரமெல்லாம் கரப்பான் தின்றிருக்கும். தொடரிலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தொழில், சமயம், சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகிய காரணம் என்று கட்டம் கட்டமாய்ப் போகும். ஒரு மார்கழி விடுமுறையில் கூரை ஒழுகி அந்தப் புத்தகங்கள் நனைந்துவிட்டன, வெயிலில் காயவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காயவைத்ததைவிட வாசித்ததுதான் கூட. தொழில் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை கரைவலை, கரைவலை, டொக்யாட் கூலி, கரைவலை, தச்சு, கரைவலை. விலகிய காரணம் என்ற கட்டத்தில் ஒரு பையனுக்கு நேரே, அழகான சாய்வெழுத்தில், ‘கடலுக்குப் போய்விட்டான்’ என்று இருந்தது. கணக்குப் பார்த்தால் பையனுக்கு வயது பதினொன்று. அதற்குக் கீழே அதே கையெழுத்தில், வேறு மையில், ‘திரும்ப வந்தான்’.

பதினொரு வயதில் கடலுக்குப் போனவன் தானாகப் பள்ளிக்குத் திரும்பி வரமாட்டான். யாரோ கடற்கரை வாடிக்குப் போய், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமும் தகப்பனிடமும் கதைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நீங்கள் கொள்கை என்ன என்று கேட்டீர்களே, அந்த இரண்டாவது வரிதான். இனிச் சொல்லப்போவதெல்லாம் அந்த வரி எப்படி அந்தக் கட்டத்துக்குள் வந்தது என்பதுதான்.

பள்ளிக்கூடத்தையும் பெயரேட்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் கத்தோலிக்கர் அல்ல. அது ஒல்லாந்தர் வேலை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த பிறகு, தங்கள் ஆட்சி நடந்த இடங்களில் சீர்திருத்தச் சபைக் கோயிலையும் பள்ளியையும் ஒன்றாக வைத்தார்கள். பள்ளி ஆசிரியரே ஞானஸ்நானமும் கலியாணமும் பதிவார். அந்தப் பதிவுக்குப் பள்ளித் தோம்பு என்று பெயர். தோம்பில் ஏறாத கலியாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, முதுசம் கேட்கப் போனால் இழுபறி. ஆகையால் கத்தோலிக்கரும் சைவரும் பகலில் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு, இரவில் வீட்டுக்குள் தங்கள் வழிபாட்டை வைத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குருமாரை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் சுவாமி கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் அதனால்தான். 2015 ஜனவரியில் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தாரே, அவர்தான்.

இடாப்பில் ஒரு சமயம், நெஞ்சில் இன்னொன்று. எங்கள் கரையோரத்துக்கு இது முந்நூறு வருஷத்துப் பழக்கம். பள்ளிக்கூடம் என்றதும் ‘மாத்திப்போடுவார்களோ’ என்று உங்களுக்கு வருகிற பயம் உங்களுடையது மட்டுமல்ல, கொள்ளுப்பாட்டி காலத்தில் இருந்து வருவது.

1795இல் திருகோணமலை பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1806இல் கத்தோலிக்கர் மேல் இருந்த தடைகள் நீங்கின. ஆனால் பள்ளிக்கூட ஓட்டத்தில் அவர்கள் பிந்தித்தான் சேர்ந்தார்கள். மெதடிஸ்தர் 1814இலேயே மட்டக்களப்பில் இறங்கிவிட்டார்கள், அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில். கத்தோலிக்கரிடம் இருந்ததோ ஏழை மீன்பிடிச் சனமும் ஒரு சில குருமாரும். 1847இல் அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையினர் பிரான்சிலிருந்து இலங்கைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. அடுத்த வருஷம், 1848இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளியின் அச்சையே எடுத்து அதில் சைவத்தை வார்த்தவர் அவர். பிள்ளையின் நெஞ்சைப் பிடிக்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தில்தான் பிடிக்க வேண்டும் என்பதில் நாவலருக்கும் சுவாமிமாருக்கும் ஒரே கருத்து.

அந்தக் கருத்தை அரசாங்கத்தின் காதில் போட்டவர்களில் முக்கியமானவர் பொன்ஜீன் ஆண்டகை. 1868 முதல் யாழ்ப்பாணத்தின் ஆயர், அப்போது திருகோணமலையும் அவருக்குக் கீழேதான். சமயமே இல்லாத பள்ளி நடுநிலையான பள்ளி அல்ல, அதுவும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான், எனவே ஒவ்வொரு சமயத்தவரும் தங்கள் பள்ளியை நடத்தட்டும், வாசிப்பு எழுத்து கணக்குக்கு அரசு பணம் தரட்டும் என்பது அவர் வாதம். 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் உருவாகி, உதவி நன்கொடை முறை வந்ததும் அந்த வாதம் காசாக மாறியது. எங்கள் ஊர் புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தொடங்கியது, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி 1873இல். அவற்றைச் சுற்றி ஓலைக் கொட்டில்களில் பங்குப் பாடசாலைகள் முளைத்தன. பங்கு என்றால் ஒரு கோயிலையும் அதன் சுவாமியையும் சேர்ந்த ஊர்.​

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. நன்கொடை சோதனைப் பெறுபேற்றைப் பார்த்துத் தரப்பட்டது. வித்தியாதரிசி, அதாவது பாடசாலைப் பரிசோதகர், வரும் நாளில் இடாப்பில் எத்தனை பிள்ளை, அதில் எத்தனை வந்திருக்கிறது, எத்தனை வாசிக்கிறது, அவ்வளவுக்குத்தான் பணம். ஆகவே அந்த நாளில் காய்ச்சல்காரப் பிள்ளையையும் சீலையால் போர்த்துத் தூக்கிக்கொண்டு வருவார்களாம், என் அம்மம்மா சொல்லுவா. மெதடிஸ்தர் ஒரு ஒழுங்கையில் கொட்டில் போட்டால், அடுத்த ஒழுங்கையில் சுவாமி ஒரு கொட்டில் போடுவார், அதற்கடுத்ததில் சைவர் போடுவார்கள். இத்தனை பாடசாலைகள் பெருகியதற்கு இறைபற்று ஒரு கை என்றால் போட்டியும் பணமும் மறு கை. பங்குகளின் நூற்றாண்டு மலர்களில் முதல் கையைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள்.

1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் திருகோணமலையை யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்துத் தனி மறைமாவட்டம் ஆக்கினார். மட்டக்களப்பும் அதற்குள் அடக்கம், 2012இல்தான் அது பிரிந்து தனியாகப் போனது. மறைமாவட்டத்தைப் பிரெஞ்சு யேசு சபையாரிடம் ஒப்படைத்தார்கள். முதல் ஆயர் சார்ல்ஸ் லவீஞ் ஆண்டகை, முன்பு கேரளத்துக் கோட்டயத்தில் இருந்தவர், 1898 முதல் இங்கே. இந்த மாற்றம் பங்குப் பாடசாலைக்குப் பெரிய விஷயம். ஏனென்றால் யேசு சபை பள்ளிக்கூடம் நடத்துவதையே தொழிலாக வைத்திருந்த சபை. அவர்களுக்கென்று எழுதி வைத்த முறை ஒன்று இருந்தது.

சபையைத் தொடங்கிய இக்னேசியார் காலத்திலேயே, 1548இல், சிசிலித் தீவில் மெசினா நகரில் முதல் கல்லூரியைத் தொடங்கியவர்கள் அவர்கள். ஐம்பது வருஷம் நடத்திப் பார்த்து, எது சரிவந்தது எது சரிவரவில்லை என்று பல நாடுகளிலிருந்தும் எழுதி வாங்கி, 1599இல் ‘ராசியோ ஸ்டுடியோரும்’ என்ற விதிநூலை வெளியிட்டார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் படியாது, திருப்பிச் சொல்ல வேண்டும், போட்டியிட வேண்டும், மேடையேறிப் பேச வேண்டும், நாடகம் போட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. உங்கள் மகள் ஒரு நாள் ‘அம்மா, எனக்கு ஒளிவிழாவில் சம்மனசு வேஷம்’ என்று செட்டை கேட்டு அழுதால், அதற்கு 1599 வரை வேர் போகிறது என்று நினைத்துக்கொண்டு அட்டை வெட்டுங்கள்.

அந்த விதிநூலில் எனக்குப் பிடித்த ஒரு இடம் உண்டு. அடிக்க வேண்டி வந்தால் குருவானவர் கை வைக்கக் கூடாது, அதற்கென்று சபையைச் சேராத ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டுமாம். படிப்பிக்கிற கையும் அடிக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற யோசனை. அந்த விதி மட்டும் கப்பலில் வரும்போது கடலில் விழுந்துவிட்டது போல. நான் படித்த காலத்தில் பிரம்பு எல்லோரிடமும் இருந்தது.

அவர்கள் கொள்கையின் நடுத்தூண் என்று இன்றைக்கும் சொல்வது, ஆளை ஆளாய்ப் பார்ப்பது. வகுப்பு என்று ஒன்று இல்லை, இந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை என்றுதான் உண்டு. இவனுக்கு எதில் விருப்பம், ஏன் திங்கட்கிழமையில் மட்டும் வருவதில்லை, வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது. புத்தகத்தில் வாசிக்க இது இலகு. கரையோரக் குடியிருப்பில் இதைச் செய்துகாட்டியவர்கள் பிரெஞ்சுச் சுவாமிமார் அல்ல, உபதேசியார்கள்தான்.

உபதேசியார் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கிழமை நாளில் பங்குப் பாடசாலை வாத்தியார். சுவாமி வராத ஞாயிற்றுக்கிழமையில் கோயிலில் செபம் முந்துபவர். செத்தவீட்டில் ஒப்பாரி ஓய்ந்ததும் செபமாலை தொடங்குபவர். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதுபவர், கோட்டுக்குப் போனால் கூடப் போய் நிற்பவர். சுவாமிமார் கைவிரல் எண்ணிக்கை, மறைமாவட்டமோ கடலோரம் முழுக்க. ஆகவே நாள் முழுக்க ஊரில் இருந்தது இந்த மனிசன்தான். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்த வள்ளத்தில் யார் ஏறினான் என்று அவருக்குத் தெரியும். ‘திரும்ப வந்தான்’ என்று எழுதிய கை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை.

பங்குப் பாடசாலையில் தமிழில் படிப்பு, காசு வாங்குவதில்லை. ஆங்கிலப் பாடசாலைக்குத்தான் கட்டணம். அதனால் ஒரே சுவாமியின் முகாமையில் இரண்டு உலகம் இருந்தது. சப்பாத்துப் போட்டவர்கள் கல்லூரிக்குப் போனார்கள், வெறுங்காலர்கள் கொட்டிலுக்கு. ஆளை ஆளாய்ப் பார்க்கும் கொள்கை இந்த வேலியைப் பல காலம் தாண்டவில்லை. பெண்பிள்ளைகளின் பக்கம் மட்டும் கொஞ்சம் வேறு கதை. மங்களூரிலிருந்து அப்போஸ்தலிக்க கார்மேல் சபைச் சகோதரிகள் 1920களில் வந்து கல்வியைக் கையில் எடுத்த பிறகு, ‘பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு’ என்ற கேள்வி மெல்ல மெல்லச் செத்தது. இன்று எங்கள் ஊரில் ஆசிரியைகள், தாதிமார், எழுதுவினைஞர்கள் என்று இருக்கிற ஒரு தலைமுறைப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு சிஸ்டரின் பெயர் வரும்.

இந்த முறையின் நன்மைக்குச் சாட்சி சொல்ல ஒரு கத்தோலிக்கரைத் தேடத் தேவையில்லை. சுவாமி விபுலானந்தர் போதும். காரைதீவுப் பிள்ளை, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் யேசு சபையாரிடம் படித்தார், அங்கேயே படிப்பித்தார். பிறகு இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி, திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர்களில் ஒருவரானார். அவரை அவர்கள் மாற்றவும் இல்லை, அவர் அவர்களை மறக்கவும் இல்லை.

அதே மூச்சில் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் அப்பப்பாவின் தம்பி ஒருவர் இருந்தார். நல்ல தமிழ் அறிவு, அழகான கையெழுத்து. ஒரு மிஷன் பாடசாலையில் ஆசிரியர் வேலைக்குக் கேட்டபோது, ஞானஸ்நான அத்தாட்சி இருந்தால் யோசிக்கலாம் என்றார்களாம். எந்தச் சபை என்று சொல்ல வேண்டாம், இப்போது அங்கே இருப்பவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் பெயரை மாற்றினார், வேலை கிடைத்தது, இருபத்தெட்டு வருஷம் படிப்பித்தார். சாகும்போது திருநீறு கேட்டார். வீட்டில் ஒரு பிரச்சினையே வந்துவிட்டது, எந்தச் சுடலைக்குக் கொண்டுபோவது என்று. முகாமையாளர் கையில் நியமனம், இடமாற்றம், நிறுத்தம் எல்லாம் இருந்த அந்தக் காலத்தில் இப்படிப் பல வீடுகளில் ஒரு பெரியப்பா, ஒரு சித்தப்பா இருந்திருப்பார். பிள்ளைகளுக்காவது சட்டத்தில் மனச்சான்று விதி வந்தது, பெற்றோர் விரும்பாவிட்டால் சமயப் பாடத்துக்கு இருக்கத் தேவையில்லை என்று. ஆசிரியருக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. 1960இல் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தபோது ஆசிரியர்களில் பலர் உள்ளுக்குள் மூச்சு விட்டார்கள் என்றால், காரணம் இதுதான்.

இனி அந்த 1960. அதற்கு முன்னாலேயே அடித்தளம் ஆடத் தொடங்கிவிட்டது. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. காசில்லாமல் படிப்பிப்பது பங்குப் பாடசாலைக்குப் புதிதல்ல, ஆனால் செலவை அரசே கொடுக்கிறது என்றால் நிர்வாகம் மட்டும் ஏன் சபையிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி வரும்தானே, வந்தது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் முகாமை டிசம்பர் 1ஆம் திகதி அரசின் கைக்குப் போனது. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தால் காணியும் கட்டடமும் போயின. பெரிய பாடசாலைகளுக்குத் தனியாக நிற்க வழி விடப்பட்டது, கட்டணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கொட்டிலில் நடந்த பங்குப் பாடசாலைக்கு அந்தத் தெரிவே இல்லை. தீவு முழுக்கக் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் போய்ப் படுத்தார்கள், பாயும் செபமாலையும் சோற்றுப் பானையுமாய். ஜனவரியில் சமாதானம் பேசி எழுப்பிவிட்டார்கள். சைவச் சபைகளின் பாடசாலைகளும், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் அதே சட்டத்தால்தான் போயின. அவர்கள் இவ்வளவு சத்தம் போடவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு, எனக்கு அடிக்கடி நினைவு வரும். பாடசாலைகள் கைவிட்டுப் போய் ஐந்து வருஷத்தில், 1965 அக்டோபர் 28ஆம் திகதி, உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. பிள்ளையின் முதல் ஆசிரியர் பெற்றோரே, பள்ளி அவர்களுக்குத் துணை மட்டுமே என்கிறது அது. அதே நாளில், அதே சங்கம், பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையையும் வெளியிட்டது. இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பெயர் சொல்லி, அவற்றில் உள்ள உண்மையானதையும் தூய்மையானதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றது. என் சின்னப் பாட்டனிடம் ஞானஸ்நான அத்தாட்சி கேட்டவருக்கு இந்தத் தாள் கையில் கிடைத்திருந்தால்! பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் இந்தக் கொள்கை இல்லை, கொள்கை வந்தபோது பள்ளிக்கூடம் இல்லை. 1973இல் யேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே பழைய மாணவர்கள் முன்னால் நின்று, உங்களை நீதிக்காக வாழப் பழக்கினோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே இனி நோக்கம் என்றார். நல்ல மனிசன். அந்தப் பேச்சும் எங்கள் பங்குப் பாடசாலைக்குப் பதின்மூன்று வருஷம் பிந்தித்தான் வந்தது.

திருச்சபைச் சட்டத்தைக் கேட்டால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலை கத்தோலிக்கப் பாடசாலையே அல்ல. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 803ஆம் பிரிவு, திருச்சபை அதிகாரத்தின் கீழ் நடப்பது, அல்லது அந்த அதிகாரம் எழுத்தில் ஏற்றுக்கொண்டதுதான் கத்தோலிக்கப் பாடசாலை, அனுமதியில்லாமல் அந்தப் பெயரைப் போடவும் கூடாது என்கிறது. அரசாங்கச் சட்டப்படி அது அரசினுடையது. ஆக, பலகையில் உள்ள ‘றோ.க.’ இரண்டு சட்டத்துக்கும் வெளியே நிற்கிறது.

அப்படியானால் உள்ளே என்ன மிஞ்சியது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1990இல் போரால் சனம் ஊர் ஊராய்ப் பெயர்ந்தபோது பாடசாலைக் கட்டடமும் கோயில் வளவும் ஒரே முகாம். மதிலில் ஒரு சின்னப் படலை உண்டு, சுவாமியின் பக்கமிருந்து பாடசாலைப் பக்கம் வர. அது இரவு பகல் திறந்தே கிடந்தது. வந்த பிள்ளைகளிடம் விடுகைப் பத்திரம் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, சிலரிடம் செருப்பும் இல்லை. எங்கள் அதிபர், அவரும் சைவர்தான், சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. ஒற்றைத்தாளில் ஒரு தற்காலிக இடாப்பைக் கோடு போட்டுத் திறந்தார். முன்பு படித்த பாடசாலை என்ற கட்டத்தில் ‘பிள்ளை சொன்னபடி’ என்று எழுதச் சொன்னார். எழுதியவன் நான். 2004 மார்கழியில் கடல் வந்து போன பிறகு அதே தாளை மாதிரிக்கு எடுத்து இன்னொரு தரம் கோடு போட்டோம். இது கத்தோலிக்கக் கொள்கையா என்றால், இதைச் செய்த சைவப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் உண்டு. ஆனால் எங்கள் அதிபர் அந்த அலுமாரியின் பழைய இடாப்பில் இருந்த பையன்களில் ஒருவருடைய மகன் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி உங்களுக்கு நடைமுறையில் தேவையானது. பொறுப்பேற்கப்பட்ட இப்படியான பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கும்போது, அரசு எடுத்த வேளையில் எந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சேர்வுச் சுற்றறிக்கை சொல்கிறது. அதாவது 1960ஆம் ஆண்டு இடாப்பு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கூட்டம் நெரிகிற பெரிய கல்லூரிகளில் இது தலைவலி. சின்னப் பாடசாலைகளில் இடம் காலியாகத்தான் கிடக்கும், பயப்பட வேண்டாம். எதற்கும் வீட்டு முகவரியை உறுதிப்படுத்தும் பத்திரங்களை நேரத்தோடு சேர்த்து வையுங்கள், மாற்றலாகி வந்தவர்களுக்கு அதில்தான் சிக்கல் வரும். சுவாமியிடம் கடிதம் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது கத்தோலிக்கப் பிள்ளைக்குத்தான், உங்களுக்கு இல்லை.

சமயம் பாடத்திட்டத்தில் உள்ள பாடம், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் சமயம். உங்கள் மகளுக்கு சைவநெறிப் புத்தகம் வரும். ஆனால் அதிபரிடம் ஒன்றை நேரே கேளுங்கள்: சைவநெறி படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை அந்தப் பாடவேளையில் சைவப் பிள்ளைகளை வேப்பமரத்துக்குக் கீழே சும்மா இருத்தி வைக்கிறார்களா? நான் படித்த காலத்தில் வேப்பமரம்தான். ஞானப்பாடம் சன்னலால் கேட்கும், வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டே ஆறு நாளில் உலகம் படைத்த கதையைப் பாதிப் பாதியாய்க் கேட்டோம். ஏழாம் நாள் மணி அடித்துவிடும். நான் படிப்பித்த பாடசாலையில் நவராத்திரிக்கு வாணி விழா நடந்தது, கடலை அவிக்கிறதும் சரை மடிக்கிறதும் கத்தோலிக்க ரீச்சர்மார்தான்.

மாத்திப்போடுவார்களா என்பதற்கு: இல்லை. அதற்கு இப்போது அங்கே ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை, பெரும்பாலும் எண்ணமும் இல்லை. ஆசிரியர்களில் பாதிப்பேர் உங்கள் கோயிலில்தான் நிற்பார்கள்.

மந்திரம் சொல்ல வைப்பார்களா என்பதற்கு மட்டும் உறுதியாய் இல்லை என்று சொல்ல மாட்டேன். சொல்ல வைக்க மாட்டார்கள். ஆனால் காலைக் கூட்டத்தில் ஒரு பக்கம் அருள் நிறைந்த மரியே, மறு பக்கம் தேவாரம் என்று தினமும் காதில் விழும்போது பிள்ளை இரண்டையும் பிடித்துக்கொள்ளும். என் மகன் முதலாம் வகுப்பில் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை சாமியறையில் கைகூப்பி நின்று, சம்பந்தர் பதிகத்தை அப்படியே செபமாலை இழுவையில் இழுத்துப் பாடி, கடைசியில் ‘ஆமென்’ போட்டான். என் அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு இருந்தவா, திரும்பிப் பார்த்தா. ‘ராகம் கொஞ்சம் பிசகுது, சொல்லெல்லாம் சரி’ என்றுவிட்டுத் திரும்பத் திரியைத் தூண்டினா.